தலைநகரின் தூசியும் வாசற்படியில் நின்றுவிடும் சட்டமும்

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தினர் முதலில் கற்றுக்கொள்ளும் ஹிந்திச் சொற்களுள் இரண்டு, ஜாடூவும் போச்சாவும். முன்னது துடைப்பம், பின்னது ஈரத்துணியால் தரை துடைப்பது. வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை அமர்த்தும்போது பேச்சு தொடங்குவதே இந்த இரண்டிலிருந்துதான். பாத்திரமும் சமையலும் பிறகு வருபவை.

அதற்குக் காரணம் உண்டு. ஆர்.கே. புரத்திலோ கரோல் பாக்கிலோ மயூர் விஹாரிலோ காலை 9 மணிக்குப் பெருக்கித் துடைத்த வீட்டில், மாலையில் மேஜைமீது விரலால் பெயர் எழுதலாம். ஊரில் வாரம் ஒரு முறை ஒட்டடைக்கம்பு எடுத்தவர்கள் இங்கே நாள்தோறும் ஜன்னல் விளிம்பைத் துடைக்கிறார்கள். கோடையில் அது மணல் நிறத்தில் இருக்கும். குளிர்காலத்தில் கரிய பிசுக்காக ஒட்டும்.

இதைக் குடும்பத் தலைவியின் அன்றாட வேலை என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆனால், அந்த ஜன்னல் விளிம்பில் படிந்திருக்கும் ஒரு கைப்பிடித் தூசிக்குப் பின்னால் மலைகளை வெட்டிய குவாரிகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. மாநகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் இடையிலான எல்லைப் பிரிவினை இருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் மத்திய அரசின் ஒதுக்கீடும் இருக்கிறது. வெளியே அரசு பிடிக்கத் தவறிய தூசியைத்தான் உள்ளே ஒரு பெண் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

பாலைவனம் வரும் வழி

தில்லியின் தூசியில் ஒரு பங்கு இயற்கை தந்தது. தார் பாலைவனத்திலிருந்து மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக் காற்றை இங்கே 'ஆந்தி' என்கிறார்கள். 2018 மே 2-ஆம் தேதி இரவு ராஜஸ்தானின் ஆல்வார், பரத்பூர், தோல்பூர் பகுதிகளையும் உத்தரப் பிரதேசத்தின் ஆக்ராவையும் தாக்கிய புழுதிப் புயலில் நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த புழுதி பல நாள்கள் தலைநகரின் மேல் கவிந்து நின்றது. கட்டுமானப் பணிகளைச் சில நாள்கள் நிறுத்திவைக்கத் துணைநிலை ஆளுநர் உத்தரவிட வேண்டியதாயிற்று.

இந்தக் காற்றுக்கும் தலைநகருக்கும் இடையே உள்ள வேலி ஆரவல்லி மலைத்தொடர். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியாணா வழியாகச் சுமார் 690 கி.மீ. நீண்டு தில்லியின் 'ரிட்ஜ்' காட்டில் முடியும் இந்தத் தொடரில் குவாரிகள் திறந்த இடைவெளிகள் பல. ராஜஸ்தானில் மாதிரியாக எடுத்து ஆராயப்பட்ட 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற அறிக்கையைக் கண்டு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் உயர்ந்து நிற்பதையே ஆரவல்லிக் குன்றாகக் கொள்ளலாம் என்ற வரையறையை, 2025 நவம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றது. தாழ்ந்த குன்றுகள் எல்லாம் பாதுகாப்பை இழக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 29-ஆம் தேதி நீதிமன்றம் அந்த உத்தரவைத் தானே நிறுத்திவைத்தது. 'மலை' என்ற சொல்லின் பொருள் பற்றிய இந்த வழக்கு, தில்லியின் சமையலறை அலமாரி வரை வந்து படியும் வழக்கு.

சாலையில் கிடப்பது என்ன?

பாலைவனத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு நகர நிர்வாகம் தப்பிக்க முடியாது. தில்லி அரசுக்காகக் கான்பூர் ஐ.ஐ.டி. நடத்தி 2016-இல் வெளியான ஆய்வின்படி, நகரக் காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களில் 56 சதவீதமும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களில் 38 சதவீதமும் சாலைப் புழுதியிலிருந்து வருபவை.

சாலைப் புழுதி என்பது வெறும் மண் அன்று. டயர் தேய்ந்த ரப்பர், பிரேக்கிலிருந்து உதிரும் உலோகம், டீசல் கரி, சிமென்ட், காய்ந்த சாக்கடை வண்டல் எல்லாம் சேர்ந்து படிந்ததை, ஓடும் வாகனங்கள் மறுபடி கிளப்பிவிடுகின்றன. காலையில் நீண்ட துடைப்பத்துடன் துப்புரவுப் பணியாளர் உலர்ந்த சாலையைப் பெருக்கும்போதும் அதுவே நடக்கிறது. குவித்த குப்பை வண்டியேறுகிறது. நுண்துகள் மீண்டும் காற்றில் ஏறி முதல் மாடி ஜன்னலுக்குப் போகிறது.

அந்தச் சாலை யாருடையது என்பது அடுத்த கேள்வி. 60 அடிக்கு மேல் அகலமான சாலைகள் பொதுப்பணித் துறையிடமும், குறுகியவை மாநகராட்சியிடமும் உள்ளன. இவை போகப் புதுதில்லி மாநகராட்சிக் குழு, கன்டோன்மென்ட் வாரியம், தில்லி வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எல்லைகள். 2012-இல் மூன்றாக உடைக்கப்பட்ட மாநகராட்சி 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. ஆனால், சாலையின் நடுவே ஒரு துறை இயந்திரத்தால் பெருக்க, ஓரத்து மண்தரை எவருடைய பொறுப்பும் அற்றுக் கிடக்கும் காட்சி மறையவில்லை.

நெடுங்காலமாக மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக் காலம் தள்ளின. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் மத்தியிலும் தில்லியிலும் ஒரே கட்சி ஆட்சிக்கு வந்தது. ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானிலும் அப்போது அதே கட்சியின் ஆட்சிதான். பழியைத் தள்ளிவிட எதிர்த்தரப்பு இல்லாத நிலையிலும் அந்த ஆண்டின் குளிர்காலம் முந்தைய ஆண்டுகளைப் போலவே மூச்சுத் திணறலோடுதான் கழிந்தது.

அடுத்த வீட்டின் 'மல்பா'

குடியிருப்புகளுக்குள் தூசி நுழைய மிக நெருங்கிய வழி, அடுத்த மனையில் நடக்கும் கட்டுமானம். இடித்த செங்கல், காரை, மணலுக்குத் தில்லியில் 'மல்பா' என்று பெயர். பழைய வீட்டை இடித்து நான்கு மாடி கட்டி, மாடிக்கு ஒருவராக விற்பது இங்கே பெரும் தொழில். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தெருவோரத்தில் மணல் குவிந்து கிடக்கும்.

சட்டம் இல்லை என்று சொல்ல இயலாது. கட்டுமானத் தூசிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, மணலையும் மண்ணையும் மூடிவைக்க வேண்டும், திறந்தவெளியில் கற்களை உலர்நிலையில் அறுக்கக் கூடாது, மூடாத வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

ஓட்டை இருப்பது கண்காணிப்பில். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் காற்றுத் தர மேலாண்மை ஆணையம், இணையத்தில் பதிவு செய்து தூசியைக் கணக்குக் காட்டும்படி கட்டாயப்படுத்துவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மட்டுமே. நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு கிரவுண்டுக்கும் அதிகம். கரோல் பாக்கின் சந்துகளில் இடித்துக் கட்டப்படும் மனைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுபவை. கட்டட இடிபாடுகளுக்காக 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் உற்பத்தியாளர் பொறுப்பைச் சுமத்துவது 20,000 சதுர மீட்டர் முதலான பெருந்திட்டங்களின்மீதுதான். விதி பெரியவர்களைத் தேடுகிறது. தூசியோ சிறிய மனையிலிருந்து நேரே பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு வருகிறது.

முறையாகக் கட்டினால் தூசியை அடக்க முடியும் என்பதற்கு அரசே சான்று அளித்திருக்கிறது. 2021 நவம்பரில் தில்லியில் கட்டுமானத் தடை இருந்தபோது சென்ட்ரல் விஸ்டா பணிகள் தொடர்ந்தது குறித்து உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்டது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பணி அது, தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் அனைத்தும் அங்கே பின்பற்றப்படுகின்றன என்று மத்திய அரசு பதிலளித்தது. நாடாளுமன்றத்துக்குச் செய்ய முடிந்ததை நான்கு மாடிக் கட்டடத்துக்கும் செய்ய வைப்பதில் என்ன தடை என்பதற்கு விளக்கம் இல்லை.

கண்ணில் படுவதும் படாததும்

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூசிக்குப் போதிய நிதி இல்லை என்று எவரும் குறை கூற முடியாது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, செலவிடப்பட்ட நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போயிற்று. வாகனப் புகைக்குச் சுமார் 13 சதவீதம். தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

காரணம் எளியது. நகரங்களின் செயல்பாடு 10 மைக்ரான் துகள்களை வைத்தே மதிப்பிடப்பட்டது. அது குறைந்தால் அடுத்த தவணை கிடைக்கும். நீர் தெளிக்கும் லாரியும் பெருக்கும் இயந்திரமும் மக்கள் கண்ணில் படும். புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும்.

ஆனால், நுரையீரலின் ஆழத்துக்கும் ரத்தத்துக்கும் செல்வது 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது. அதற்கு இந்தியா 2009-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்தது 5. இந்த நுண்துகளில் சாலைப் புழுதிக்குப் பங்கு உண்டென்றாலும், புகைபோக்கியும் வாகனக் குழாயும் எரியும் குப்பையும் தருவதைத் தண்ணீர் லாரி தீர்க்காது.

இதில் இன்னொரு விடுபடலும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் வரம்புகள் அனைத்தும் வெளிக்காற்றுக்கு உரியவை. முதியவரும் கைக்குழந்தையும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் அறைக்குள் அவை எட்டிப் பார்ப்பதில்லை. சட்டம் வாசற்படியில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அவரவர் பாடு.

வீட்டுக்குள் நம்மால் ஆவது

அவரவர் பாடு என்று ஆகிவிட்ட பின் முறையறிந்து செய்வது நல்லது. பத்து மைக்ரான் துகள் அசையாத காற்றில் சில நிமிடங்களில் தரைக்கு இறங்கிவிடும். 2.5 மைக்ரான் துகள் மணிக்கணக்கில் மிதக்கும். உலர்ந்த பூந்துடைப்பத்தை வீசிப் பெருக்கினால், இறங்கியதும் மீண்டும் எழும்பும். ஆகவே ஈரம்தான் முதல் ஆயுதம். அலமாரி, மின்விசிறி, ஜன்னல் விளிம்பு என்று மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்து, கடைசியில் தரைக்கு வர வேண்டும். அறைக்கு அறை தண்ணீரை மாற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீரால் துடைப்பது தூசியை இடம் மாற்றுவதே ஆகும்.

செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தைத் தில்லிக் குளிரிலும் கைவிடாதிருப்பது பெரும் பயன் தரும். புழுதிக் காற்று வீசும்போது கதவு, ஜன்னல்களை மூடிக் கீழ் இடைவெளியில் ஈரத்துணி வைக்கலாம். குளிர்காலத்தில் விடியற்காலை ஜன்னலைத் திறப்பது இங்கே தவறு. இரவில் தாழ இறங்கிய மாசு அப்போது தரையை ஒட்டியே நிற்கும். பிற்பகல் வெயிலில் சற்று மேலெழும். திறக்க வேண்டுமானால் அதுவே நேரம். கூலரின் புல் தட்டிகளையும் ஏ.சி.யின் வடிகட்டியையும் கழுவாமல் விட்டால் அவையே தூசிக் களஞ்சியமாகும். கொசுவர்த்தியும் ஊதுவத்தியும் மூடிய அறைக்குள் புகையைச் சேர்க்கும்.

வட இந்தியாவில் தீபாவளிக்கு முன் சுவரைச் சுரண்டி வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்கு மிகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். பழைய அரசுக் குடியிருப்புகளில் சுவரை உலர்நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் நாள்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்துவது அவசியம்; நனைத்துத் தேய்க்கச் சொல்வது அதனினும் நன்று.

எஞ்சுவது காற்றுச் சுத்திகரிப்பான். ஹெப்பா வடிகட்டி மிதக்கும் நுண்துகளைப் பிடிக்கும்; தரையில் படிந்ததை அது தொடாது. மூடிய அறையில்தான் பயன் தரும். வடிகட்டியை மாற்றும் செலவு ஆண்டுதோறும் வரும். 2025 டிசம்பரில், அப்போது 18 சதவீதமாக இருந்த அதன் ஜி.எஸ்.டி.யைக் குறைக்கக் கோரிய வழக்கில், விரைந்து பரிசீலிக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. அரசு அலுவலகங்கள் இந்தக் கருவியின் பயனை முன்பே உணர்ந்திருந்தன. 2014 முதல் 2017 வரை பிரதமர் அலுவலகத்துக்கும் குறைந்தது ஆறு துறைகளுக்குமாக 140 சுத்திகரிப்பான்கள் சுமார் 36 லட்ச ரூபாயில் வாங்கப்பட்டன என்ற விவரம் 2018-இல் வெளியாயிற்று.

துடைப்பம் பிடிக்கும் கை

இவ்வளவையும் வீடுவீடாகச் செய்வது யார்? ஜார்க்கண்ட், பிகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து, காலை முதல் மதியம் வரை பல வீடுகளைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள். ஒரு வீட்டின் தூசி அந்த வீட்டாருக்கு ஒரு பங்கு என்றால், எல்லா வீடுகளின் தூசியும் அவர்களுக்கு. வேலை முடிந்து அவர்கள் திரும்பிச் செல்லும் குடிசைகளோ பெரும்பாலும் சாலையோரத்திலும் ரயில்பாதையோரத்திலும். அங்கே மூடுவதற்குச் சரியான ஜன்னலும் இல்லை.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால், ஏற்புறுதி அளிக்கவில்லை. இவர்களுக்கென ஒரு சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரி 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தூசி பற்றிய எந்தத் திட்ட ஆவணமும் இவர்களைப் பாதிக்கப்படுவோர் பட்டியலில் முன்னிறுத்துவதில்லை. குடும்பங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உலர்ந்து பெருக்கும்படி வற்புறுத்தாமல், நல்ல மாப்பும் முகக்கவசமும் வாங்கித் தந்து, ஈரமாகத் துடைக்கச் சொல்வது. அதனால் கூடும் நேரத்துக்கு ஊதியம் கூட்டித் தருவதும் நியாயம்.

அவையில் இடம் உண்டா?

குளிர்காலக் கூட்டத்தொடர் நடப்பது மாசு உச்சத்தில் இருக்கும் மாதங்களில். 2019 நவம்பரில் காற்று மாசு பற்றி மக்களவை விவாதித்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர் இதே பொருள் குறித்துக் கூட்டப்பட்ட நகர்ப்புற வளர்ச்சி நிலைக்குழுவின் கூட்டம், உறுப்பினர்களும் மூத்த அதிகாரிகளும் பெருமளவில் வராததால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. 2025 டிசம்பரில் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் மக்களவையில் விவாதம் பட்டியலிடப்பட்டது. வேறொரு மசோதா கிளப்பிய அமளியில் அது நடைபெறாமலேயே அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மரணத்துக்குக் காற்று மாசு மட்டுமே காரணம் என்று நேரடியாக நிறுவும் உறுதியான தரவு இல்லை என்பதே அமைச்சகம் அவையில் பலமுறை அளித்துள்ள பதில்.

விவாதம் வரும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. சாலையோர மண்தரைக்கு யார் பொறுப்பு? 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டுமானத்தை எந்த அதிகாரி பார்க்கிறார்? பணத்தை நுண்துகள் குறைந்ததைக் கணக்கிட்டுத் தருவது எப்போது? வீட்டுக்குள் சுவாசிக்கும் காற்றுக்கும் ஒரு வரம்பு வகுக்கப்படுமா?

கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் தலைநகரில் அரசு இல்லங்கள் உண்டு. அங்கேயும் நாள்தோறும் காலையில் யாரோ ஒருவர் ஜன்னல் விளிம்பைத் துடைக்கிறார். அந்தத் துணி பிழியப்படும் வாளித் தண்ணீரை ஒரு நாள் அவர்கள் பார்த்தால் போதும். தரவு போதவில்லை என்ற பதிலைச் சொல்லத் தயக்கம் வரும்.